நிழல் பார்த்து விட்ட வான்

இந்தக் காலத்துச் சனத்துக்கு வீட்டில் படுக்கப் பிடிக்கவில்லை. சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆனதும் வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு வான் வண்டிக்குள் ஏறி, எங்கேயோ காட்டோரத்தில் போய்க் குந்துகிறார்கள். ஒரு பேணித் தண்ணீரில் முகம் கழுவி, வாளியில் கக்கூசு இருந்து, அதையும் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.

செல்வரட்ணத்துக்கு நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வரும். ஜேர்மனிக்கு வந்த புதிதில் அவரைக் கொண்டுபோய் ஒரு கொன்டெய்னருக்குள்தான் போட்டிருந்தார்கள். இரும்புப் பெட்டி, ஒரு ஜன்னல், முகம் தெரியாத நாலு பேர். அதிலிருந்து வெளியே வந்து ஒரு வீட்டுத் திறப்பைக் கையில் வாங்கிப் பூட்டித் திறக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இப்போது அவருடைய ஒரே மகன் கொட்வின், ஹம் நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவன், கெல்சென்கிர்ச்சனில் ட்ராம் திருத்தும் பட்டறையில் நல்ல வேலையில் இருக்கிறவன், தன் சொந்த ஆசையில் ஒரு இரும்புப் பெட்டியை வாங்கி அதற்குள் படுக்கிறான்.

"கூரையில கண்ணாடி பூட்டி வெயில் பிடிக்கிறானாம்," என்று மாதா கோயிலடியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லுவார். "ஒரு சாறம் காயாத நாட்டில!"

அந்த வான் தன் வீட்டு விஷயமாக மாறும் என்று அவர் நினைக்கவில்லை.

மாற்றியது மனைவி சிசிலியின் தமக்கை ஆக்னஸ். டென்மார்க்கில் மகள் லவினியாவோடு இருந்தவர். கார்த்திகையில் அங்கத்தைய டொக்டர்மார் கையை விரித்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில் போனில் அவருடைய முகம் வரும். ஒவ்வொரு நாளும் அந்த முகம் சிறுத்துக்கொண்டு வந்தது. கேள்வி மட்டும் ஒன்றுதான்.

"சிசிலி, எப்ப வாறாய்?"

சிசிலிக்கு ரயில் மாறி மாறி ஏற முழங்கால் விடாது. அதைவிடப் பெரிய கரைச்சல் மூச்சு. நித்திரையில் அவளுக்கு மூச்சு நின்று நின்று வரும். அதற்கென்று ஒரு சின்ன மிஷின்; குழாயும் மூக்குக் கவசமும் மாட்டிக்கொண்டுதான் படுப்பாள். கறண்ட் இல்லையென்றால் நித்திரை இல்லை. மிஷின் வருவதற்கு முந்திய காலத்தில், பக்கத்தில் படுத்திருந்த மனுசியின் மூச்சு நின்றதைக் கேட்டுக்கொண்டு, அடுத்தது வருமோ வராதோ என்று விழித்துக் கிடந்தவர் செல்வரட்ணம். அந்தப் பயம் அவரை விட்டுப் போகவேயில்லை.

லவினியாவின் வீட்டில் வரவேற்பறையை ஆஸ்பத்திரிக் கட்டில் அடைத்திருந்தது. மற்ற அறையில் அவளும் புருசனும் பிள்ளைகளும். கால் நீட்ட இடமில்லை.

"பக்கத்தில ஒரு ஹொட்டல்ல அறை எடுப்பம் அம்மா," என்றான் கொட்வின்.

"கூடப்பிறந்தவள் சாகக் கிடக்கிறாள், நான் ஹொட்டல்ல போய்ப் படுக்கிறதோ? சின்னம்மாவுக்கு ஒரு பாய் விரிக்க மனமில்லாமல் போச்சுது எண்டு லவினியாவைத்தான் சனம் சொல்லும்."

"அப்ப அவையின்ர வாசல்ல வானை விட்டுட்டு அதுக்குள்ள படுத்தால்?"

சிசிலி முழங்காலைத் தடவிக்கொண்டாள். "வாசல் எண்டால் பரவாயில்லை. வாசலும் வீடுதானே."

"வாசலும் வீடாம்," என்றார் செல்வரட்ணம். ஆனால் ஹொட்டல் விஷயத்தில் அவருக்கும் சிசிலியின் கதைதான் சரியாகப் பட்டது. அதனால் மறுத்துப் பேச வழியில்லாமல் போய்விட்டது.

அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் கொட்வின் வீட்டு வாசலில் வானைப் பிரித்துப் போட்டான். செல்வரட்ணம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பழைய பற்றறி நல்லாத்தானே இருந்தது?"

"கோடைக்கு நல்லம் அப்பா. குளிருக்க அது அரைவாசிகூடத் தராது. அம்மாவின்ர மிஷின் இரவு முழுக்க ஓடோணும், ஹீற்றரின்ர காத்தாடியும் ஓடோணும். இது லிதியம். உள்ளதெல்லாம் தரும்."

"குளிர் இதுக்கு ஒண்டும் செய்யாதோ?"

"செய்யும். உறைஞ்சு கிடக்கேக்க சார்ஜ் ஏத்தினால் பழுதாப்போகும். அதுதான் உள்ளுக்க வைக்கிறன், கட்டிலுக்குக் கீழ. ஹீற்றர் சூடு அதுக்கும் படும்."

"கொம்மா படுக்கிற கட்டிலுக்குக் கீழயோ? லிதியம் வெடிச்சு ஒரு கராஜ் முழுக்க எரிஞ்சதை ரீவியில காட்டினவங்கள்."

"அது வேற லிதியம் அப்பா."

"விக்கிறவன் எல்லாரும் தன்ரை வேற எண்டுதான் சொல்லுவான்."

கொட்வின் சிரித்துக்கொண்டே கூரையில் ஏறினான். முன்பிருந்த சோலர் தட்டோடு இன்னும் இரண்டைப் பூட்டினான். மூன்றுக்கும் ஒரு பக்கம் கால் வைத்து முட்டுக்கொடுத்தான்.

"மாரிக் குளிர்காலத்தில சூரியன் பதிஞ்சுதான் ஓடும். தட்டு மல்லாந்து படுத்திருந்தால் வெயில் மேலால வழுக்கிக்கொண்டு போயிடும். இப்பிடிச் சரிச்சு வைச்சால் நேர முகத்தில படும்."

"வெயில் எண்டு ஒண்டு இருந்தால்தானே படுறதுக்கு."

"மேலயிருந்து பாருங்கோ, இருக்குது!"

"நீ விழாமல் இறங்கு முதல்ல."

எல்லாம் பூட்டி முடிந்ததும் வானுக்குள் ஒரு சின்னத் திரையில் நம்பர்கள் எரிந்தன. கொட்வின் ஒவ்வொன்றாக விளக்கினான். எழுத்துக் கூட்டி வாசிக்கிற செல்வரட்ணத்துக்கு நம்பர் ஒன்றும் புதிதில்லை. வேலைசெய்த கம்பித் தொழிற்சாலையில் மிஷின் காட்டிய நம்பரை நம்பிக் கையை விட்ட ஒருவனுக்கு விரல் போனதை அவர் கண்ணால் பார்த்தவர்.

"உந்தக் கதை ஒண்டும் வேண்டாம்," என்றார். "ஒரு கிழமை இதில நிக்கட்டும். அம்மாவின்ர பழைய மிஷின் கிடக்குது, அதை உள்ளுக்க ஓடவிடு. ஹீற்றரும் ஓடட்டும். வெளியிலயிருந்து ஒரு வயர் குடுக்கப்படாது. நிண்டுபிடிச்சால் கூட்டிக்கொண்டு போ. நிண்டுபிடிக்காட்டில் மாரி போனாப்பிறகு பாப்பம்."

"ஓடேக்க எஞ்சினும் சார்ஜ் ஏத்தும் அப்பா. அவ்வளவு பயப்பிடத் தேவையில்லை."

"அங்கை போய் நிக்கப்போறியள் கிழமைக்கணக்கில. நிண்ட இடத்தில எஞ்சினை உறும விட்டால் பக்கத்து வீட்டுக்காரன் பொலிசுக்குப் போன் அடிக்கமாட்டானோ?"

கொட்வின் தாயைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே கிளம்பியிருப்பான். சிசிலி, "அப்பா ஓம் எண்டால் வாறன்," என்றுவிட்டாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் அப்படித்தான். அது அவருக்கு எப்போதும் ஒரு பெருமையாகவே இருந்தது.

ஞாயிறு பின்னேரம் கொட்வின் வானை வீட்டுக்கு முன்னால், நல்ல வெளியான இடத்தில் விட்டுவிட்டு, திறப்பைத் தகப்பனிடம் கொடுத்தான்.

"நாளும் ஒருக்கா எட்டிப்பாருங்கோ, மிஷின் ஓடுதோ எண்டு. கூரையில பனி விழுந்தால் தும்புத்தடியால தட்டிவிடுங்கோ. நான் வேலைக் கிழமை முடிய வாறன்."

வானை அசைக்கவேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, அதிசயமாக, வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. புல்லெல்லாம் வெள்ளை பூத்த உறைபனி. சூரியன் தெருமுனையிலிருந்து நேரே வானின் முன்கண்ணாடிக்குள் புகுந்து அடித்தது. செல்வரட்ணம் உள்ளே ஏறிப் பார்த்தார். பழைய மிஷின் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் இருந்து, யாருமில்லாத கட்டிலுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சரி, ஓடுகிறது. சாரதி ஆசனத்தில் கையை வைத்தார். சூடு. கீழே லிதியம் கிடப்பது ஞாபகம் வந்தது.

எதிர்ப்பக்கத்தில், கல்லறைத் தோட்டத்து மதிலோரம், மாரியிலும் இலை கொட்டாத பெரிய ஊசிமரங்கள் நின்றன. அதற்குக் கீழே ஒரு இடம் காலியாக இருந்தது.

வாகனம் என்று ஒன்று கைக்கு வந்த நாளிலிருந்து அவர் நிழல் பார்த்துத்தான் விடுவார். தொழிற்சாலையில் ஒரேயொரு மரம்தான் நின்றது. அதற்குக் கீழே இடம் பிடிப்பதற்காகவே மற்றவர்களுக்கு முந்திப் போவார். அதைச் சொல்லி ஜேர்மன்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பெயின்ற் வெளிறாது, ரயர் காயாது, ஏறினால் குண்டி சுடாது. அன்றைக்கும் கை தன்பாட்டில் திறப்பைத் திருப்பியது. ஊசிமரத்துக்குக் கீழே, ஒரு பொட்டு வெளிச்சமும் படாத இடத்தில் வானை அளவாக நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தபோது, நல்ல இடம் கிடைத்த திருப்தி அவருக்கு.

அந்தக் கிழமை முழுக்க வெயில் காய்ந்தது. அவர் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வானுக்குள் போய்க் குந்தினார். மிஷின் ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று விட்டுவிட்டு ஊதியது. ஹீற்றர் சூடு காலுக்கு இதமாக இருந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பரவாயில்லை, நிண்டுபிடிக்கும் போலத்தான் கிடக்குது என்று அவருக்கே ஒரு எண்ணம் வந்தது. மேலே வீட்டுக்குப் போய்ச் சிசிலியிடம், "அந்தத் தடிப்புப் போர்வையை எடுத்து வை. எதுக்கும்," என்றார்.

அவள் போர்வையை மட்டும் எடுத்து வைக்கவில்லை. தமக்கைக்கென்று பருத்தித்துறை வடை சுட்டுப் பேணியில் போட்டாள். லவினியாவின் பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னத் தொடங்கினாள். போனில், "வாறன் அக்கா, அடுத்த கிழமை வாறன்," என்றாள். ஆக்னஸ் அக்காவின் சிறுத்த முகம் போனுக்குள் சிரித்தது.

வெள்ளி காலை வான் கதவைத் திறந்தபோது சத்தம் ஒன்றும் இல்லை. மிஷின் நின்றுவிட்டிருந்தது. ஹீற்றர் குளிர்ந்து கிடந்தது. திரையில் நம்பர் இல்லை.

முதலில் அவர் கட்டிலைத்தான் பார்த்தார். அந்தக் கட்டிலில் சிசிலி படுத்திருந்தால் என்று நினைத்தார். அதற்குப் பிறகு, தேத்தண்ணீர் ஆறுவதற்குள், வேறொன்று வந்தது. நான் அப்பவே சொன்னேனே என்ற நினைப்பு. அது இனித்தது. பிற்பாடு எத்தனையோ நாள் அந்த இனிப்பு அவருடைய நாக்கில் கசந்து கிடந்தது.

கொட்வின் வேலை முடிந்து வர இருட்டிவிட்டது. மாரி இருட்டில் எந்த மரத்துக்கும் நிழல் இல்லை. வான் எதிர்ப்பக்கத்தில் நிற்பதைக் கண்டான். அப்பா ஏதோ தேவைக்கு அசைத்திருப்பார் என்று நினைத்தானோ என்னவோ, கேட்கவில்லை. ரோர்ச் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே தலையை விட்டான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தான்.

"வெயில் எறிச்ச கிழமை. ஒரு சொட்டும் ஏறேல்லை. நான்தான் எங்கையோ வயரைப் பிழையாக் கொழுவியிட்டன்."

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் செல்வரட்ணம்.

போர்வை திரும்ப அலுமாரிக்குள் போனது. வடையைக் கோயிலடிச் சனத்துக்குக் கொடுத்தார்கள்.

கொட்வின் ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் பிழை தேடினான். வானைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோய் வயர்களைக் கழற்றினான், மாற்றினான், சாமான் விற்ற கடைக்காரனோடு போனில் மல்லுக்கட்டினான். ஒருநாள் சமையலறையில் நின்று அவன் கதைத்ததைச் செல்வரட்ணம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடா, அவன் சொல்லுறதுக்கெல்லாம் ஓம் ஓம் எண்டுறாய்? ஏமாத்திப்போடுவான்."

"அது வேற ஓம் அப்பா. வயரில கறண்ட் தடையை அளக்கிற ஓம்."

சிசிலிகூடச் சிரித்தாள். அந்த மாரியில் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

பிழை அகப்படவில்லை. அளந்தால் எல்லாம் சரியாகக் காட்டியது. அதுதான் அவனைப் போட்டு வாட்டியது. கிறிஸ்மஸ் முடிந்து, மூவிராசாக்கள் திருநாளும் கழிந்து சில நாளில், காலைச் சாப்பாட்டு நேரம், லவினியா போன் அடித்தாள். சிசிலி போனைக் காதில் வைத்தபடி கதிரையில் இருந்தாள். "ஓம் பிள்ளை... ஓம் பிள்ளை..." என்று மட்டும் சொன்னாள்.

அடக்கத்தைப் போனில் பார்த்தார்கள். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் படம் இறுகி நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது. சிசிலி செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, "எனக்காக ஒரு பிடி போட்டிருப்பினமோ?" என்று கேட்டாள். செல்வரட்ணம் சரிந்த போனை நிமிர்த்தி வைத்தார். ரயிலில் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஹொட்டல் என்றாலும் எடுத்திருக்கலாம். சனம் கதைத்தால் கதைத்திருக்கும். அப்படியெல்லாம் அவருக்கு இப்போதுதான் தோன்றியது. வான் பழுதானது வானின் குற்றம் என்பதில் மட்டும் அவருக்கு மாற்றமில்லை.

முப்பத்தோராம் நாள் பூசையை ஹம்மிலேயே கோயிலில் ஒப்புக்கொடுத்தார்கள். மாசி மாதத்து ஞாயிறு. கண் கூசுகிற வெயில். கொட்வின் வானில்தான் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். செல்வரட்ணம் முந்தியே நடந்து வந்து வாசலில் நின்றார். வான் கோயில் வளவுக்குள் திரும்பியதும் வழமைபோலக் கையைக் காட்டினார்.

"அங்கால விடடா, சுவரோரமா. நிழல் பார்த்து விடு."

கொட்வின் பிறேக்கை மிதித்தான். வான் நடுவழியில் நின்றது. கண்ணாடியை இறக்கினான்.

"என்ன சொன்னீங்கள்?"

"நிழல் பார்த்து விடு எண்டன். வெயிலுக்க என்னத்துக்கு விடுறாய்?"

கொட்வின் எஞ்சினை நிறுத்தினான். பிறகு மெல்லிய குரலில் கேட்டான்.

"அப்பா, அந்தக் கிழமை வானை எங்கை விட்டு வைச்சிருந்தனீங்கள்?"

"எந்தக் கிழமை?"

"தெரியும்தானே எந்தக் கிழமையெண்டு."

"நல்ல இடத்திலதான். மதிலடியில, அந்த ஊசிமரத்துக்குக் கீழ."

"எப்பயிருந்து?"

"நீ தந்திட்டுப்போன அடுத்த நாளிலயிருந்து. ஏன்?"

கொட்வின் ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்தான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று செல்வரட்ணத்துக்குப் பிடிபடவில்லை.

"சோலர் தட்டை, அப்பா... சோலர் தட்டை... கொண்டுபோய் நிழலில... வேணுமெண்டே செய்தனீங்கள்?"

"என்னடா கதைக்கிறாய்? வேணுமெண்டு செய்யிறதுக்கு எனக்கென்ன விசரோ? வாகனத்தை நிழலில விடாமல் பின்னை எங்கை விடுறது?"

சொல்லி முடியத்தான் அந்தச் சொற்கள் அவருக்கே கேட்டன. பக்கத்து ஆசனத்தில் சிசிலி கறுப்புச் சேலையில் இருந்தாள். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவர் திருப்பிப் பேசியிருப்பார். அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்:

"அக்கா கடைசியாக் கேட்டவ, ஏன் வரேல்லை எண்டு. வான் பழுதக்கா எண்டு சொன்னன்."

பூசை ஒப்புக்கொடுத்த சுவாமியார் ஆக்னஸ் அக்காவின் பெயரை வாசித்தபோது செல்வரட்ணம் முழங்காலில் நின்றார். மற்றவர்கள் எழும்பிய பிறகும் எழும்பவில்லை. அந்த ஊசிமரமும், தேத்தண்ணீர்க் கோப்பையும், யாருமில்லாத கட்டிலுக்கு ஊதிக்கொண்டிருந்த மிஷினும் திரும்பத் திரும்ப வந்தன. திறப்பைத் திருப்பாமல் மேலே போயிருக்கலாம். அவ்வளவுதான் செய்ய இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது கொட்வின் வானை வளவின் நடுவில், வெயில் கொட்டுகிற இடத்தில் விட்டிருந்தான். பக்கக் கதவு திறந்து கிடந்தது. கோபம் ஆறியிருந்தது, முகம் களைத்திருந்தது.

"வாங்கோ அப்பா. ஒருக்கா வந்து பாருங்கோ."

அவர் ஏறாமல் வெளியில் நின்றே எட்டிப் பார்த்தார். திரையில் நம்பர் எரிந்தது.

"இப்ப ஏறிக்கொண்டிருக்கிறது இது. பாருங்கோ, கூடுது. முகில் இல்லை, நிழல் இல்லை. அம்மாவின்ர மிஷினுக்கும் ஹீற்றருக்கும் இது போதும். அண்டைக்கும் போதும்."

நம்பர் கூடியது. கொட்வின் வெளியே போய்க் கூரையில் ஒரு தட்டின்மேல் தன் கோட்டைப் போட்டான், நம்பர் விழுந்தது. கோட்டை எடுத்தான், எழும்பியது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சிசிலியும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கோயில் சனமும் ஒருவர் இருவராக நின்று பார்த்தது.

செல்வரட்ணம் அந்த நம்பரைக் கன நேரம் பார்த்தார். அதை நம்பினால் அதோடு சேர்த்து இன்னொன்றையும் நம்பவேண்டி வரும். அதைத் தூக்கிக்கொண்டு சிசிலிக்குப் பக்கத்தில் எப்படிப் படுப்பது?

"உது மாசி வெயில்," என்றார். "மார்கழி வெயில் வேற."

"அப்பா..."

"நம்பர் என்னவும் காட்டும். தொழிற்சாலையிலயும் காட்டினதுதான்."

"வாற மாசம் லவினியா வீட்டை போறம். கல்லறைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன். வானிலதான். நீங்களும் வாங்கோ."

சிசிலி இந்தமுறை அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. "நான் போறன்," என்றாள். அப்பா ஓம் என்றால் என்று சொல்லவில்லை.

"போங்கோ," என்றார். "அங்கை போய் வானை..." என்று தொடங்கியவர், வாயில் வந்ததை விழுங்கினார். தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு திரும்பினார்.

"நடந்தே போறீங்கள்? ஏறுங்கோ அப்பா, கொண்டுபோய் விடுறன்."

அவர் கையை மட்டும் அசைத்தார். கேற்றைத் தாண்டித் தெருவில் இறங்கினார். கோயிலிலிருந்து திரும்புகிற சனமெல்லாம், மாரி முழுக்க வெயில் காணாத சனம், தெருவின் வெயில் பக்கத்தில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு மெதுவாக நடந்தது. லிதியமாம், தட்டாம் என்று முணுமுணுத்தபடி செல்வரட்ணம் தெருவைக் கடந்தார். மற்றப் பக்கத்தில், வீடுகளின் நிழல் விழுந்து உறைபனி இன்னும் கரையாமல் கிடந்த நடைபாதையில், குளிருக்குக் கோட்டுக் கழுத்தை உயர்த்திக்கொண்டு தனியே நடந்துபோனார்.